நோயுற்றார்க்கு உற்ற துணை

உடம்பெடுத்த உயிர்க்கு நோய் வருதல் இயல்பு. அதனினும் கொடியது நோயைப் பற்றி எழும் மனச்சோர்வு. 2011-ஆம் ஆண்டிற் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய மருத்துவ அறிஞர், புற்றுநோயாளருள் ஏறக்குறைய அறுவரில் ஒருவர் மனச்சோர்வு நோயும் உடையர் எனக் கண்டனர்.

குமரி மாவட்டத்தார்க்குப் புற்றுநோய் புதிதன்று. நாஞ்சில் நாட்டிற்கு மேற்கே நெய்யூரில் 1838-ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவப் பணியில், எவரெஸ்டு மலையேறச் சென்ற சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் 1923 முதல் நெடுங்காலம் தொண்டாற்றினார். அங்குப் பணிபுரிந்த ஐ. எம். ஆர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்குடன் புகையிலை மெல்வார்க்கு வாய்ப்புற்று வருதலை ஆராய்ந்து 1933-இல் எழுதினார். வந்தார்க்கு முதற்கண் வெற்றிலைத் தட்டம் நீட்டும் நாட்டில் நேர்ந்த நிலை இது.

அந்நோய் நாவினைப் பற்றிய ஓர் அடியவரை நினைமின். வைகறைதோறும் திருமுறை ஓதிய நா அறுவைக் கத்திக்கு உரியதாயிற்று. மார்கழியிற் சுசீந்திரத்துத் தேர் ஓடினும் அவர் திண்ணையை விட்டு எழார், உணவு வேண்டார், உறக்கம் கொள்ளார். காண வந்தார், 'வினைப்பயன். நுகர்ந்தே தீரல் வேண்டும். அடியார்க்குச் சோர்வு ஆகுமோ?' என்பர். அவரோ இறைவனும் தம்மைக் கைவிட்டான் எனக் கருதி மேலும் ஒடுங்குவர்.

நுகர்வினை உண்டென்பது சித்தாந்தத் துணிபே. ஆயினும் அது தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உரியது; பிறர் துன்பத்தின்மேல் எறிதற்கு உரியதன்று. சோர்வு பக்திக்குறையோ எனின், அன்று. மனம் முதலிய அந்தக்கரணங்கள் உடம்பு போலவே மாயையின் காரியம் என்பது நூற்றுணிபு. மாயையின் காரியமாகிய உடம்பு நோயுறுமெனின், மனமும் நோயுறும். கண் மங்கினார் மருத்துவரை நாடுதல் குற்றமன்றாயின், மனம் மங்கினார் நாடுதலும் குற்றமன்று. கண்ணிழந்த சுந்தரமூர்த்திகள் இறைவனிடமே முறையிட்டு வருந்தினார். அவரை அன்பிலர் என்பார் யாருமிலர்.

இனி, உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. நோயையே சார்ந்து கிடக்குங்கால் 'யானே நோய்' என நிற்கும். அந்நிலையிற் சார்பினை மாற்றிக்கொள்ளும் வலி அதற்கு இல்லை. பிறரே நற்சார்பினைக் கொணர்ந்து தரல் வேண்டும்.

திலகவதியார் செய்தது அதுவே. சூலை நோயால் நொந்து, சமண் பள்ளியினின்று இரவில் வந்து அடிவீழ்ந்த தம்பியாரை, 'நெறி துறந்தாய். அதன் பயன் இது' என்று அம்மையார் இடித்துரைத்திலர். ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தனர். திருவலகும் திருமெழுக்கும் கொண்டு திருவதிகைக் கோயிலுக்குத் தாம் செல்லும்போது உடனழைத்துச் சென்றனர். 'நீ போய் வணங்குக' என ஏவாது, தாம் முன் நடந்தமையே அங்குச் சிறந்தது.

ஆதலின் நோயுற்றார் இல்லத்திற்குச் செல்லும் அன்பர், வினை விளக்கத்தை வாயிலிலேயே விட்டுச் செல்க. மருத்துவரிடம் உடன் செல்க. நா இழந்தார் ஓதல் அரிது, கேட்டல் இயலும். நாள்தோறும் ஒரு நாழிகை அவரருகிருந்து, அவர் முன்பு ஓதிய பதிகத்தையே ஓதுக. அவர் விரும்பின், கோயிலுக்குச் சிறிது பூத்தொடுக்கும் பணியினை அவர் கைக்குத் தருக. முதல் நாள் அவர் முகந்திருப்பாராயினும் மறுநாளும் செல்க.

திருச்சிற்றம்பலம்.