மகளுக்குப் போட்டேன், வகுப்புக்குச் சொல்லவில்லை

புதுச்சேரியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் நாள் வந்தால் காலைக் கூட்டத்தில் பேசுவது நான்தான். அதனால் இந்த விஷயத்தில் அக்கறையுள்ள டீச்சர் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயருக்கு நான் தகுதியானவள் இல்லை. எனக்குச் சங்கடம் தராததை மட்டுமே இத்தனை காலம் நடத்தினேன்.

புகையிலையைத் திட்டுவது சுலபம். பள்ளியைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் அதை விற்கக் கூடாதென்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. உதட்டுக்குள் பொட்டலத்தை அதக்கிக்கொண்டு வரும் பையனைப் பிடித்து நிறுத்தினால் யாரும் என்னைத் தப்பு சொல்லப்போவதில்லை. ஆனால் பாக்கைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தைக் குறை சொன்னால் எந்தப் பாட்டியாவது சண்டைக்கு வருவார் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் பாக்குப் பொட்டலத்தோடு ஒரு பையன் மாட்டினான். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விடச் சொன்னேன். இரண்டுக்கு மேல் போகவில்லை. கன்னத்தின் உட்பக்கம் நார் நாராக இறுகி, வாய் திறக்க முடியாமல் போவதன் ஆரம்பம் அது. பல் டாக்டரிடம் அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் பாக்கு என் பாடத்துக்குள் வந்தது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது.

வளரிளம் பருவப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மிஸ், எங்கம்மாவுக்கு கர்ப்பப்பையில கேன்சர். ஜிப்மர்ல கரண்ட் வைக்கிறாங்க. எனக்கும் ஒட்டிக்குமா?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒட்டாது, உட்காரும்மா" என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் சொல்ல வேண்டியதில் பாதிகூட இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒட்டாது. அதற்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் ஒட்டும், உடலுறவின் வழியாக. அதைத் தடுக்க ஊசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் மிக அதிகம். அவளுக்கு அப்போது 13.

இது எதுவும் எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த வைரஸைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்டு சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்ததை வினாடி வினாவில் கேள்வியாகவே வைத்திருக்கிறேன். அவர் பெயரைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். வைரஸ் எப்படிப் பரவுகிறது என்று நானும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

அதோடு, அந்தப் பெண் எழுந்து கேட்ட அதே வருஷம்தான் என் மகளைத் தனியார் டாக்டரிடம் அழைத்துப்போய் அந்த ஊசியைப் போட்டேன். ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். போட்டுவிட்டு மறுநாள் வந்து அதே வகுப்பில் நின்றேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், உடலுறவு என்ற சொல்லை ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் உச்சரிக்கப் பயந்தேன். நாளைக்கு யாராவது ஒரு அப்பா வந்து, "எம் பொண்ணுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுக்கறீங்க?" என்று கேட்டால் தலைமையாசிரியர் முன்னால் நிற்க வேண்டுமே என்று பயந்தேன். இந்தப் பிள்ளைகளின் பெற்றோரால் அந்தப் பணத்தைப் புரட்ட முடியாது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வாங்க முடியுமா முடியாதா என்பதை அந்தத் தாய் தகப்பன் அல்லவா முடிவு செய்ய வேண்டும்? அவர்களுக்காக நான் முடிவெடுத்தேன்.

2010-ல் ஆந்திராவிலும் குஜராத்திலும் பள்ளிப் பெண்களுக்கு இந்த ஊசி போட்ட திட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது. அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலர் இறந்ததற்கு ஊசி காரணமில்லை என்று விசாரணைக் குழு சொல்லிவிட்டது. தவறு நடந்தது சம்மதம் வாங்கிய விதத்தில். பெற்றோரிடம் விவரமாகப் பேசாததால் வந்த வினை அது. அதைப் படித்த ஒரு ஆசிரியை, இன்னும் கூடுதலாகப் பேசியிருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன். 2018-ல் சிக்கிம் மாநிலம் பள்ளிகள் வழியாகவே 9 முதல் 13 வயதுப் பெண்களில் தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் போட்டது. பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் முன்கூட்டியே பேசித்தான் அது நடந்தது. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் நாட்டில் ஒரு வருஷத்தில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருகிறது. ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் சாகிறார்கள். தடுக்க வழி தெரிந்த புற்றுநோய் இது.

இப்போது நடத்துகிறேன். முதலில் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டு, பிறகு வகுப்பில். வைரஸ், அது பரவும் வழி, ஊசி, ஊசி போட்டிருந்தாலும் 30 வயதுக்கு மேல் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை எல்லாம் சொல்கிறேன். நான் பயந்த அளவுக்குப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. முதல் கூட்டத்தில் மீன் விற்கும் ஒரு அம்மா எழுந்து, "உங்க பொண்ணுக்குப் போட்டுட்டீங்களா மிஸ்?" என்றார். போட்டேன் என்றேன். எப்போது என்று கேட்டார். வருஷத்தைச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "அப்ப எம் பெரியவ உங்ககிட்டதான் படிச்சா" என்றார்.

அந்தப் பெரிய பெண்ணுக்கு இப்போது 19. இன்னும் போடலாம் என்று சொன்னேன். 15 வயதைத் தாண்டிவிட்டதால் மூன்று தவணையாகத்தான் இங்கே டாக்டர்கள் எழுதுகிறார்கள் என்பதையும் சொன்னேன். அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் இரண்டோடு முடிந்திருக்கும் என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை.