கோடியில் சம்பளம் வாங்குபவருக்குச் சங்கம் எதற்கு?

"கோடிக்கணக்கில் வாங்குகிறவனுக்கு என்ன தோழர் பிரச்சினை?" அமெரிக்கக் கூடைப்பந்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் இப்படிக் கேட்காமல் இருப்பதில்லை. கல்லூரி விடுதியில் இருந்த காலத்திலிருந்து என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்த்துவருகிறேன். ஆனால் இப்போது என்னை அதிகம் ஈர்ப்பது ஆட்டமே இல்லாத ஜூலை மாதம். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் எந்த அணியோடும் பேசலாம், பிடித்த இடத்தில் கையெழுத்துப் போடலாம். 'ஃப்ரீ ஏஜென்சி' என்று இதைச் சொல்கிறார்கள். எந்த வீரர் எங்கே போகிறார் என்ற பரபரப்பில், இந்த உரிமை எப்படி வந்தது என்பதை யாரும் பேசுவதில்லை. அதைப் பேசினால்தான் மேலே உள்ள கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

1970களின் நடுப்பகுதி வரை, ஒரு வீரர் ஒரு அணியில் சேர்ந்துவிட்டால் அவர் அந்த அணியின் சொத்து மாதிரிதான். ஒப்பந்தம் முடிந்தாலும் அதை நீட்டிக்கும் உரிமை அணியிடம் இருந்தது. அணி விற்றால் போகலாம், விலக்கினால் போகலாம். இல்லையென்றால் ஆட்டத்தையே விட வேண்டும். 1967இல் ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக் வந்தது. வீரர்களைப் பிடிக்க இரண்டு லீக்குகளும் போட்டி போட்டதால் சம்பளம் ஏறியது. உடனே இரண்டையும் இணைத்துவிட முதலாளிகள் முயன்றார்கள்.

அதைத் தடுத்து 1970இல் வழக்குப் போட்டது வீரர்கள் சங்கம். சங்கத் தலைவர் ஆஸ்கர் ராபர்ட்சன். அமெரிக்க விளையாட்டுத் துறையில் ஒரு தேசிய வீரர் சங்கத்துக்குத் தலைவரான முதல் கறுப்பர். அன்றைய மிகச்சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். அவரையே அதே ஆண்டு சின்சினாட்டி அணி பால்டிமோருக்கு மாற்றப் பார்த்தது. மறுக்கும் உரிமை அவருடைய ஒப்பந்தத்தில் இருந்ததால் தப்பித்தார். அப்படி ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லாத சாதாரண ஆட்டக்காரருக்கு என்ன வழி? வழக்கு ஆறு ஆண்டு நடந்தது. 1976இல் சமரசம் ஏற்பட்டது. ஒப்பந்தத்தை அணியே நீட்டிக்கும் விதி ஒழிந்தது, அதன் பிறகுதான் லீக்குகள் இணைந்தன. முழுச் சுதந்திரம் அப்போதும் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்த மூத்த வீரர் எந்தத் தடையும் இல்லாமல் வேறு அணிக்குப் போகும் நிலை 1988இல்தான் வந்தது.

கதவைத் திறக்க வேண்டி வந்ததும் முதலாளிகள் வேறு பூட்டைத் தேடினார்கள். அதுதான் 'சேலரி கேப்' என்னும் சம்பள உச்சவரம்பு. 1983இல் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு, 1984-85 பருவத்தில் அமலுக்கு வந்தது. ஒரு அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் செலவழிக்கக் கூடிய தொகை அன்று 36 லட்சம் டாலர். 2025-26 பருவத்தில் அது சுமார் 15.46 கோடி டாலர்.

நேர்மையாகச் சொன்னால் இது வெறும் சதி அல்ல. அன்று பல அணிகள் நட்டத்தில் தள்ளாடின. உச்சவரம்பை ஏற்றுக்கொண்டதற்குப் பதிலாக, லீக்கின் வருமானத்தில் 53 சதவீதம் வீரர்களுக்கு என்ற உறுதியைச் சங்கம் வாங்கியது. பங்கு கேட்டு வாங்கிய தொழிலாளர்கள் உலகத்தில் எத்தனை பேர்? ஆனால் வாங்கியதைத் தக்கவைக்கவும் போராட வேண்டும். 1997இல் கெவின் கார்னெட் ஆறு ஆண்டுக்கு 12.6 கோடி டாலர் வாங்கினார். அடுத்த ஆண்டே முதலாளிகள் கதவடைப்பு செய்தார்கள். அது முடிந்தபோது தனி வீரரின் சம்பளத்துக்கும் உச்சவரம்பு வந்திருந்தது. 2011இல் மறுபடியும் கதவடைப்பு, 161 நாள். 57 சதவீதமாக ஏறியிருந்த பங்கு ஏறக்குறைய பாதியாக இறங்கியது. கதவடைப்பு என்ற சொல்லை ஆலை வாசலில் மட்டும் கேட்டவர்கள் இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த உச்சவரம்பு மனிதரை எப்படி எண்ணாக மாற்றுகிறது என்று பாருங்கள். வரம்பைத் தாண்டிய அணி ஒரு வீரரை வாங்க வேண்டுமென்றால், கிட்டத்தட்ட அதே அளவு சம்பளத்தை வெளியே அனுப்ப வேண்டும். 2013இல் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் பாஸ்டனிடமிருந்து புரூக்ளின் வாங்கியபோது கணக்கு இடித்தது. அதைச் சரிக்கட்ட, கீத் போகன்ஸ் என்ற மூத்த வீரருக்குப் பழைய சம்பளத்தைவிடப் பல மடங்காக, ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டு, அந்தக் கையோடு பாஸ்டனுக்கு அனுப்பினார்கள். பாஸ்டனில் அவர் அந்தப் பருவத்தில் ஆடியது 6 ஆட்டம். பிறகு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு அவருடைய ஒப்பந்தம் வேறு அணிகளுக்குக் கைமாறியது. பணம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வாங்கியதும் விற்றதும் அவருடைய ஆட்டத்தை அல்ல, அவர் பெயருக்கு எதிரே இருந்த தொகையை.

விசுவாசம் என்ற சொல் வருவது இங்கேதான். 2010இல் லெப்ரான் ஜேம்ஸ் ஒப்பந்தம் முடிந்து, சட்டப்படி, கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போனார். கிளீவ்லாந்து முதலாளி டேன் கில்பர்ட் அவரைத் துரோகி என்ற தொனியில் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஜேம்ஸை, தப்பி ஓடிய அடிமையைப் பார்ப்பது போல முதலாளி பார்க்கிறார் என்று ஜெஸ்ஸி ஜாக்சன் சொன்னார். மிகைப்படுத்துகிறார் என்று பலர் கோபப்பட்டார்கள். வீரர்களில் பெரும்பாலோர் கறுப்பர், முதலாளிகளில் பெரும்பாலோர் வெள்ளையர் என்ற லீக்கில் அந்த ஒப்புமை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தவர்கள் குறைவு.

மறுபக்கம் பாருங்கள். 2017இல் தங்கை விபத்தில் இறந்த மறுநாள் பாஸ்டனுக்காகக் களமிறங்கி ஆடினார் ஐசாயா தாமஸ். இடுப்புக் காயத்தோடும் ஆடினார். நான்கே மாதத்தில் அவரை கிளீவ்லாந்துக்கு மாற்றிவிட்டார்கள். 2025 பிப்ரவரியில், ஒரு நள்ளிரவில், லூகா டான்சிச்சை டல்லாஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றியது. அவருக்கே முன்கூட்டித் தெரியாது. இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. ஒரே அணியில் நிலைத்திருக்கும் நட்சத்திர வீரருக்குக் கூடுதல் சம்பளம் தரலாம் என்று ஒரு விதி உண்டு. டல்லாஸில் இருந்திருந்தால் அவருக்கு ஐந்தாண்டுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். அவர் போகவில்லை, அனுப்பப்பட்டார். ஆனாலும் அந்தத் தகுதி போய்விட்டது. நிலைத்திருப்பவருக்கான பரிசு, நிலைத்திருக்க விடுவது யார் கையில் என்பதைப் பொறுத்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு நான் முதலில் வேலை பார்த்த தனியார் கல்லூரி நினைவுக்கு வரும். பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். வேறு வேலை கிடைத்துக் கேட்டபோது, கல்வியாண்டு முடியட்டும், இல்லையென்றால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். அதே நிர்வாகம், மாணவர் சேர்க்கை குறைந்த ஆண்டில் என்னோடு வேலை செய்த இருவரை ஒரே நாளில் நிறுத்தியது. அவர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் யாரும் கட்டவில்லை. என் சம்பளத்தையும் லெப்ரான் சம்பளத்தையும் ஒரே தராசில் வைக்க நான் பைத்தியக்காரன் அல்ல. தொகை வேறு. ஆனால் யார் போகலாம், யாரை அனுப்பலாம் என்று யார் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இப்போது விதி இன்னும் இறுகியிருக்கிறது. 2023 ஒப்பந்தத்தில் 'இரண்டாம் ஏப்ரன்' என்று ஒரு கோடு போட்டார்கள். 2025-26இல் அது சுமார் 20.78 கோடி டாலர். அதைத் தாண்டிய அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. மாற்றத்தில் ரொக்கமும் கொடுக்க முடியாது. 2024இல் கோப்பை வென்ற பாஸ்டன் அணி, அந்தக் கோட்டுக்குக் கீழே வர வேண்டும் என்பதற்காக ஒரே ஆண்டில் ஜூரு ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் அனுப்பியது. கட்டுப்படியாகவில்லை என்று சொன்னார்கள். அதே 2025இல் அந்த அணியே 610 கோடி டாலர் மதிப்பில் விலைபோனது. விற்றவர்கள் 2002இல் அதை வாங்கிய விலை 36 கோடி டாலர். ஆடுகிறவரின் சம்பளத்துக்கு ஒரு வரம்பு, அதற்கு மேல் இன்னொரு வரம்பு, அதற்கும் மேல் ஒரு கோடு. அணியின் விலைக்கு மட்டும் எந்தக் கோடும் இல்லை.

அதனால்தான் கோடி வாங்குகிறவருக்கும் சங்கம் வேண்டியிருக்கிறது. உலகத்திலேயே ஈடு இல்லாத திறமை கொண்ட சில நூறு பேருக்கே, தனித்தனியாகப் போனால் பேரம் பேச முடியவில்லை. நாளை நேர்காணலில் "எங்கள் நிறுவனம் ஒரு குடும்பம்" என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். அப்போது பணி ஆணையை முழுதாகப் படியுங்கள். நீங்கள் விலக எத்தனை மாத அறிவிப்பு, அவர்கள் உங்களை விலக்க எத்தனை நாள் அறிவிப்பு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு உங்களுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

ஆஸ்கர் ராபர்ட்சன் 1974இல் ஓய்வு பெற்றார். சமரசம் வந்தது 1976இல். தன் பெயரில் நடந்த வழக்கு வாங்கித் தந்த உரிமையை அவர் ஒரு நாள்கூடப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு ஜூலையிலும் கையெழுத்துப் போடுகிறவர்கள் அவர் வாங்கித் தந்த கணக்கில்தான் போடுகிறார்கள்.