எடு, நிரப்பு, மறவாதே!

பிரெஞ்சு மொழி என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது கவிதையும் ஓவியமும் வாசனைத் திரவியமுமே. எங்களுக்கோ அம்மொழி இவ்வாண்டு ஓர் ஆபத்துக்காலப் பையைக் கட்டக் கற்பித்தது. நகைக்காதீர்கள், தோழியரே!

ஏவல் வினைகளைக் கற்பிக்க வந்த எங்கள் ஆசிரியை, "வெள்ளம் வருகிறது, வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும், கட்டளையிடுங்கள்" என்றார். ப்ரான் என்றால் எடு. ராம்ப்ளி என்றால் நிரப்பு. ஃபெர்ம் என்றால் மூடு. நூப்ளி பா என்றால் மறவாதே. தமிழைப் போலவே பிரெஞ்சு ஏவலிலும் எழுவாய் உதிர்ந்துவிடும். வினை மட்டும் தனித்து நிற்கும். அவசரத்தில் நீட்டிப் பேச நேரமேது?

புதுச்சேரியில் வாழும் எங்களுக்கு இது வெறும் பாடமன்று. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இக்கரையைத் தாக்கியதை அன்னையர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது நாங்களே கண்டோம். ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. நீர் சூழ்ந்த வீடுகளிலிருந்து இராணுவ வீரர்கள் மக்களை மீட்டனர். எங்களில் ஒருத்தியின் பாட்டிக்கு அன்றிரவு மாத்திரை தேவைப்பட்டது. மருந்துச்சீட்டோ நீரில் ஊறிக் கூழாகிவிட்டது. மாத்திரையின் பெயர் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை.

பிரான்சு அரசு தன் மக்களுக்கு மூன்று நாள், அதாவது 72 மணி நேரம், பிறர் உதவியின்றிச் சமாளிக்கத் தேவையானவற்றைப் பட்டியலிட்டுள்ளது. ஆளுக்கு 6 லிட்டர் குடிநீர், சமைக்காமல் உண்ணத்தக்க உணவு, கைவிளக்கு, பாட்டரியில் இயங்கும் வானொலி, முதலுதவிப் பெட்டி, முக்கியப் பத்திரங்களின் நகல், மாற்றுச் சாவி, ரொக்கப் பணம், பொழுதுபோக்க விளையாட்டுப் பொருளும்கூட! அப்பட்டியலை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கள் வீட்டுப் பையைக் கட்டினோம். அவலும் பொட்டுக்கடலையும் உள்ளே சென்றன. குடும்ப அட்டையின் நகல் பிளாஸ்டிக் உறைக்குள் சென்றது. பாட்டியின் மாத்திரைப் பெயர்கள் கொட்டை எழுத்தில் எழுதப்பட்டன. செபமாலையும் இடம்பெற்றது.

கணக்கும் வந்தது. வீட்டில் ஆறு பேர் என்றால் 36 லிட்டர் நீர். எடையோ 36 கிலோ! யார் சுமப்பது? எனவே வீட்டிலேயே தங்க நேர்ந்தால் பயன்படும் நீரை உயரமான இடத்தில் வைக்கவும், கையோடு கொண்டு செல்லும் பையைத் தனியே கட்டவும் கற்றோம். கைவிளக்குக்கு அடுத்த வரியில், "மாற்று பாட்டரியை மறவாதே" என்று எழுதும்போது மறைக்கல்வியில் கேட்ட பத்துக் கன்னியர் உவமை நினைவுக்கு வந்தது. விளக்கு பத்துப் பேரிடமும் இருந்தது; ஐவரிடம் இல்லாதது மிகுதி எண்ணெயே.

எங்களை அதிகம் விவாதிக்க வைத்தது ஓர் எதிர்மறை ஏவல். ஆபத்து வேளையில், "பிள்ளைகளை அழைத்துவரப் பள்ளிக்குச் செல்லாதீர்கள்" என்று பிரான்சில் பெற்றோருக்கு அறிவுறுத்துகிறார்கள். பெற்றோர் வழியில் வெள்ளத்தில் சிக்கலாம், சாலைகளும் அடைபடும், பள்ளியில் ஆசிரியர் பிள்ளைகளைக் காப்பார் என்பதே காரணம். "எங்கள் அம்மா கேட்கவே மாட்டார்!" என்றாள் ஒருத்தி. "கேட்க வேண்டுமானால் பள்ளியின்மேல் நம்பிக்கை வேண்டுமே" என்றாள் மற்றொருத்தி. மழைக்கு முன்பே பள்ளியும் பெற்றோரும் பேசி வைத்துக்கொண்டால்தான் அக்கட்டளைக்குப் பொருளுண்டு என்று உணர்ந்தோம். நம்பிக்கையைக் கடைசி நேரத்தில் பைக்குள் திணிக்க முடியாது அல்லவா?

பிரெஞ்சில் ஏவலுக்கு மூன்று வடிவங்கள் உண்டு. நெருங்கியவரிடம் ப்ரான், எடு. பெரியோரிடமும் பலரிடமும் ப்ரனே, எடுங்கள். மூன்றாவது ப்ரனோன், எடுப்போம். முதலிரண்டும் அடுத்தவரை ஏவுகின்றன. மூன்றாவதோ சொல்பவரையும் சேர்த்தே ஏவுகிறது. தனித்து வாழும் அண்டைவீட்டு மூதாட்டியிடம், "பையை எடுங்கள்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு ஓடலாம். "எடுப்போம்" என்று சொன்னால் உள்ளே சென்று ஒரு பிடியைப் பற்றித்தான் ஆக வேண்டும்.

தேர்வில் இம்மூன்று வடிவங்களுக்கும் மதிப்பெண் ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழைக்கு எங்களுக்கு வேண்டியது மூன்றாவது. ஐப்பசி பிறக்குமுன் உங்கள் வீட்டிலும் ஒரு பையைக் கட்டுங்கள், தோழியரே. அடுத்த வீட்டுக் கதவையும் தட்டுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் சரி, "எடுப்போம்" என்றே சொல்லுங்கள்.