குடும்ப நோய் வரலாறு

பலெர்மோவில் எங்கள் ஈழத் தமிழ் ஆட்களை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்கிற வேலையில் எனக்குப் பிடிக்காத கேள்வி ஒன்றுதான். பெயர், வயது, எங்கே நோகிறது, எவ்வளவு நாளாய், இதெல்லாம் சுலபம். பிறகு, எழுதிக்கொண்டே டொக்டர் கேட்பார்: தகப்பன் இருக்கிறாரா, இல்லையென்றால் எந்த வயதில், எந்த வருத்தத்தால் போனார்? சலரோகம், பிரஷர், இருதய வருத்தம் எல்லாம் குடும்ப வழியாக வரக்கூடியவை என்பதால் கேட்கிறார். கேள்வி சரியான கேள்விதான். எங்கள் பதில்கள்தான் அந்தப் படிவத்துக்குள் நிற்பதில்லை. முப்பத்தெட்டு வயது, ஷெல். நாற்பத்தொன்று, ஹெலியில் இருந்து சுட்டது. நாற்பத்தைந்து இருக்கும், பிடித்துக்கொண்டு போனவர்கள், ஆள் திரும்பி வரவில்லை. பேனை கொஞ்சம் நிற்கும். பிறகு 'தெரியாது' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள்.

அந்தத் தகப்பன்மார் அறுபது வயது வரை இருந்திருந்தால் யார் யாருக்கு என்ன வருத்தம் வந்திருக்கும்? தெற்காசிய ஆட்களுக்குச் சலரோகம் கூடுதலாக வருகிறது என்று லண்டனில் சவுத்தோல் பகுதியில் நடந்த ஆய்வு 1991லேயே காட்டிவிட்டது. ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23 ஆனாலே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் எழுதினார்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் இங்கே ஒரு இளம் டொக்டர். எல்லாரும் சேர்ந்து 'ஆசியர்' என்ற ஒரு கட்டத்துக்குள் நிற்கிறோம். அந்தக் கட்டத்திலும் எங்களுக்குத் தகப்பன் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது.

நான் இங்கே 1998இல் வந்தேன். கணவர் எனக்கு முன்னம் வந்து, 1990இல் வந்த 39ஆம் இலக்கச் சட்டத்தில் சொஜோர்னோ என்கிற வதிவிட அனுமதி எடுத்து, பிறகு என்னைக் கூப்பிட்டவர். பல்லாரோ சந்தையைச் சுற்றிய ஒழுங்கைகளில் அப்போதே எங்கள் சனம் நிறைய. ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் வீட்டு வேலை, இல்லாவிட்டால் வயது போனவர்களைப் பார்க்கிற வேலை. சிசிலிக்காரக் கிழவிகளுக்கு நேரம் தவறாமல் குளிசை கொடுத்துவிட்டு, தன் குளிசையை மறந்துவிட்டு வீட்டுக்கு வருகிற பெண்களை அன்றைக்கும் கண்டேன், இன்றைக்கும் காண்கிறேன். சந்தைக்குப் பக்கத்தில் சலேசியன் சாமிமார் நடத்தும் சாந்தா கியாராவில் இத்தாலி மொழி படித்தேன். கொஞ்சம் கதைக்க வந்ததும், "அக்கா, டொக்டரிட்ட ஒருக்கா வாங்கோவன்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

விசா இல்லாதவர்களுக்கு மருந்து கொடுப்பதற்கான சட்டமும் அதே 1998இல்தான் வந்தது. 286ஆம் இலக்க ஆணையின் 35ஆவது பிரிவு. பெயரைச் சொன்னால் எஸ்.தி.பி. என்று தொடங்கும் ஒரு இலக்கம் தருவார்கள், ஆறு மாதத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அவசர சிகிச்சை, பிரசவம், பிள்ளைகளின் தடுப்பூசி எல்லாம் அதற்குள் அடங்கும். எங்கள் ஆட்களுக்கு முக்கியமாக இருந்தது அந்தப் பிரிவின் ஐந்தாவது பந்தி: வருகிறவருக்கு விசா இல்லை என்று ஆஸ்பத்திரி பொலிசுக்கு அறிவிக்கக் கூடாது. அதை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எத்தனையோ சமையலறைகளில் நின்று சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்பினார்கள்.

நம்பாதவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆஸ்பத்திரி எந்த நேரமும் பாதுகாப்பான இடம் என்று யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யார் நினைப்பார்கள்? 1987 தீபாவளியன்று இந்திய இராணுவம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்தது. அடுத்த நாள், கைகளை உயர்த்திக்கொண்டு வெளியே வந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரத்தையும் சுட்டார்கள். என் வயதுப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் சின்ன வயதில் காய்ச்சலுக்கு மருந்து தந்தவர்.

என் அம்மாவுக்குச் சலரோகம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, எண்ணெய் இல்லை, மருந்து வருவதும் வராததும் கொழும்பின் மனதைப் பொறுத்தது. இன்சுலின் கிடைத்தால் அதைக் குளிர்மையாக வைக்க, மண்பானைக்குள் ஈரமணல் போட்டு, அதற்குள் போத்தலைப் புதைத்துக் குசினி மூலையில் வைப்போம். கிடைக்காத நாட்களில் அம்மா சோற்றைக் குறைப்பார். அதை வைத்தியம் என்றுதான் சொன்னார்.

1995 ஒக்டோபர் 30 பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் வந்தன. வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட வேண்டும். இரவு முழுக்க மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் அடியடியாகத்தான் நகர்ந்தது. சைக்கிள் கரியரில் அம்மா, அம்மாவின் மடியில் ஈரத்துணி சுற்றிய இன்சுலின் போத்தல். விடிய கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இடம் கிடைத்தது. போத்தல் முடிந்த பிறகு அடுத்தது கிடைக்கவில்லை. மாரி முடிய முதல் அம்மா போய்விட்டார். பதிவாளர் நல்ல மனிதர், தன் படிவத்தில் இருந்ததை எழுதினார்: மாரடைப்பு. அந்தச் சான்றிதழின் பிரதி இப்போதும் என்னிடம் இருக்கிறது. டொக்டர்மார் என்னிடம் தாயைப் பற்றிக் கேட்டால் 'இருதயம்' என்று சொல்லவா, 'சலரோகம்' என்று சொல்லவா என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன்.

2009 பெப்ரவரி முதல் வாரத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன, தொலைக்காட்சியும் கணினியும். கணினியில் வன்னி யுத்தம். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மீது ஷெல் விழுகிறது. ஒரு நாளுக்குள்ளேயே திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள் என்று செஞ்சிலுவைச் சங்கமே சொன்னது. 4ஆம் திகதி நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் புதுமாத்தளனுக்குப் போனார்கள். தொலைக்காட்சியில் எலுவானா எங்லாரோ. பதினேழு வருடம் நினைவில்லாமல் படுத்திருந்த ஒரு பெண். அவருக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் உணவை நிறுத்தலாமா கூடாதா என்று நாடு முழுக்க வாதாடியது. பிரதமர், பாப்பரசர், நீதிமன்றம், எல்லாரும். 9ஆம் திகதி அவர் இறந்தார். அந்த வாதத்தில் இரண்டு பக்கமும் ஒரு உயிருக்குக் கொடுத்த மரியாதையைப் பார்த்து எனக்கு வந்ததைப் பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் செய்திகளுக்கு நடுவில் 5ஆம் திகதி செனற்சபையில் ஒரு வாக்கெடுப்பு. ஆஸ்பத்திரிகள் அறிவிக்கக் கூடாது என்ற அந்த ஐந்தாவது பந்தியை நீக்கிவிட வேண்டும் என்ற திருத்தம் நிறைவேறியது. இன்னும் சட்டமாகவில்லை, கீழ்ச்சபை இருக்கிறது. ஆனால் பல்லாரோவில் செய்தி அப்படியா பரவும்? விடிவதற்குள், டொக்டரிடம் போனால் பொலிஸ் வரும் என்றாகிவிட்டது.

மல்லாவிப் பக்கத்து அண்ணை ஒருவர் இருந்தார். ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை, விசா இல்லை. கால் பெருவிரலின் அடியில் சலரோகப் புண். கட்டை அவிழ்த்தால் அறை முழுக்க மணந்தது. திங்கட்கிழமை போவதாக இருந்தது. போகமாட்டேன் என்றுவிட்டார்.

"டீவீல சொன்னதைக் கேக்கேல்லையே பிள்ளை? இனி டொக்டர்மாரும் தலையாட்டியள்தான்."

ஊரில் சுற்றிவளைப்பு நடந்தால் எல்லாரையும் பள்ளிக்கூட வளவில் இருத்திவிட்டு ஒவ்வொருவராக நடக்கவிடுவார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் முன்னால் இருப்பான். அவன் தலை அசைந்தால் ஆள் போச்சு. அதைக் கடந்து வந்த மனிதருக்கு நான் செனற்சபை, கீழ்ச்சபை என்று விளங்கப்படுத்திக்கொண்டு நின்றேன். கடைசியில் கணவரும் இன்னொருவரும் ஆளை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

கிளினிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்த மாதங்களில் இத்தாலி முழுக்க டொக்டர்மாரும் தாதிமாரும் தூக்கிய வாசகம்: நாங்கள் அறிவிப்பதில்லை. அதை வாசித்துச் சொன்னேன். அண்ணை ஒன்றும் பேசவில்லை, ஆனால் உள்ளே வந்தார். டொக்டர் புண்ணைப் பார்த்து முடிய, வழக்கமான கேள்விகள். தகப்பன்? ஹெலி. 'தெரியாது.' தாய்?

"அம்மாவுக்கும் சலரோகம். புதுக்குடியிருப்பில."

டொக்டர் எழுதினார். என்ன எழுதுகிறார் என்று அண்ணை என்னைக் கேட்டார். தாய், சலரோகம், உயிரோடு இருக்கிறார் என்று எழுதுகிறார் என்றேன்.

"இண்டையத் திகதியையும் போடச் சொல்லு."

ஏன் என்று டொக்டர் கேட்டார். சொன்னேன். அவர் தாயின் வரிக்குப் பக்கத்திலேயே திகதியைப் போட்டார்.

அண்ணையின் கால் தப்பியது, ஒரு விரல் போனது. கீழ்ச்சபை அந்தத் திருத்தத்தைக் கைவிட்டது. யூலையில் வந்த 94ஆம் இலக்கச் சட்டம் விசா இல்லாமல் இருப்பதைக் குற்றமாக்கியது, ஆனால் ஐந்தாவது பந்தி நின்றது. நவம்பரில் உள்துறை அமைச்சே அதை உறுதிப்படுத்திச் சுற்றறிக்கை விட்டது. அண்ணையின் தாயைப் பற்றி மே மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

வன்னிக்குள் எத்தனை சனம் இருக்கிறது என்பதற்கு அந்த நாட்களில் அரசு சொன்ன கணக்கு ஏறக்குறைய 70,000. உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்கு. யுத்தம் முடிந்து முகாம்களுக்குள் வந்து நின்றவர்கள் மட்டும் 2,80,000க்கு மேல். எண்ணிக்கையைத் தெரிந்தே குறைத்ததும் சத்திரசிகிச்சைப் பொருட்களைத் தடுத்ததும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. புலிகள் சனத்தை வெளியேற விடாமல் வைத்திருந்ததையும் அதே அறிக்கை எழுதியது, அதைச் சொல்லாமல் விட்டால் நானும் கணக்கைக் குறைத்தவளாவேன். உள்ளே இருந்த அரச வைத்தியர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா மூவரும் மருந்து கேட்டும் காயக்காரரின் தொகையைச் சொல்லியும் கடைசி வரை வெளியுலகத்தோடு பேசிக்கொண்டிருந்தவர்கள். மே மாதம் கைதானார்கள். யூலையில் கொழும்பில் பத்திரிகையாளர் முன்னால் இருத்தப்பட்டு, தாங்கள் சொன்ன தொகைகள் கூடுதலானவை என்றார்கள். கணினியில் அதைப் பார்த்தேன். அவர்களின் முகத்தைப் பார்த்த பிறகு அவர்களோடு கோபிக்க முடியவில்லை.

பலெர்மோவின் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு பாவோலோ ஜக்கோனே என்று பெயர். அவர் ஒரு சட்ட வைத்திய நிபுணர். கைரேகை அறிக்கை ஒன்றை மாற்றி எழுதச் சொல்லி மாஃபியா நெருக்கியது, அவர் மறுத்தார். 1982 ஓகஸ்ட் 11, ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று பேரின் நினைவும் வரும். ஒருவர் செய்ததை வைத்து மற்றவர்களை அளக்க நான் தயாராக இல்லை. ஜக்கோனேயைச் சுற்றி முள்ளுக்கம்பி இருக்கவில்லை.

கொரோனாக் காலத்தைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. வீட்டு வேலைகள் ஒரே நாளில் நின்றன, எழுத்து ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு உதவிப் பணமும் இல்லை. தடுப்பூசிக்கு முன்பதிவு செய்யும் இணையத்தளம் சுகாதார அட்டையின் இலக்கத்தைக் கேட்டது, அட்டை இல்லாதவர்கள் அதற்கும் வெளியே. 2021 மார்ச் கடைசியில் ஒரு செய்தி வந்தது. சிசிலியின் தொற்று, மரண எண்ணிக்கைகளை மாற்றி ரோமுக்கு அனுப்பினார்கள் என்ற குற்றச்சாட்டில் விசாரணை, பிராந்திய சுகாதார அமைச்சர் பதவி விலகல். இறந்தவர்களை நாட்களுக்குள் கொஞ்சம் பரப்பிவிடுவது பற்றிய தொலைபேசிப் பேச்சைப் பத்திரிகைகள் போட்டன. நான் பார்த்துக்கொண்டிருந்த சிஞ்ஞோரா தொண்ணூறு வயதில் கொதித்தெழுந்தார், இப்படியும் ஒரு நாடா என்று. நான் அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்தேன்.

2022 ஏப்ரலில் இலங்கை கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது. மருந்தில் 80 வீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிற நாடு அது. யாழ்ப்பாணத்தில் கிளினிக் கொப்பியில் மருந்தை எழுதிக்கொடுத்து, வெளியில் வாங்கச் சொல்லி அனுப்பினார்கள். கடையில் இல்லை, இருந்தால் விலை மூன்று மடங்கு. ஊருக்குப் போகிற ஒவ்வொருவரின் பெட்டியிலும் பலெர்மோ சனம் குளிசை வைத்தது.

இங்கே சலரோகத்துக்கு 013 என்று ஒரு விலக்கு இலக்கம் உண்டு. அது இருந்தால் மருந்தும் சோதனைப் பட்டியும் காசில்லாமலோ சிறு கட்டணத்திலோ கிடைக்கும். நான் கூட்டிக்கொண்டு போகிற ஒரு பெண்ணுக்கு அது இருக்கிறது. அந்த வருடம் அவளுடைய மூன்று மாதச் சீனி அளவு ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனது. டொக்டர் குளிசையைக் கூட்டினார், ஏறியது. இன்னொரு மருந்தைச் சேர்த்தார், அதற்கும் ஏறியது. இந்த மருந்து இவவின் உடம்பில் வேலை செய்யவில்லை என்று எழுதி, இன்சுலின் தொடங்குவோம் என்றார். எனக்கு முன்னமே சந்தேகம். தன் மருந்தில் பாதியை இவள் கிளிநொச்சியில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அந்த அறையிலேயே டொக்டரிடம் சொன்னேன். அவளிடம் கேட்காமல் சொன்னேன். திரும்பவும் அப்படி ஒரு நாள் வந்தால் திரும்பவும் சொல்லுவேன், தேவையில்லாமல் இன்சுலின் ஊசி போட விட முடியாது. டொக்டர் ஏசவில்லை. எழுதியதை வெட்டிவிட்டு, மருந்து குடிக்கவில்லை என்று மட்டும் எழுதினார். ஏன் குடிக்கவில்லை என்பதற்கு அங்கே இடம் இருக்கவில்லை, அவரும் தேடவில்லை.

வெளியே படிக்கட்டில் அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நல்லாய்த் தலையாட்டினீங்கள் அக்கா."

அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுவதில்லை. மகளோடு போகிறாள். மகள் பலெர்மோவில் பிறந்தவள், என்னைவிட நல்ல இத்தாலியன் கதைப்பாள், அம்மா சொல்வதை மட்டும் சொல்லுகிற பிள்ளை.