ஐந்நூறு ரூபாய் நெய்மீன்

2014 ஜூன். இடவப்பாதி மழை பிடித்திருந்தது. குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் மழை பிடித்தால் ரப்பரில் பால்வெட்டு கிடையாது, வெட்டு இல்லையென்றால் கூலியும் கிடையாது. அப்படி ஒரு பால்வெட்டுக்காரரின் மகள், எனக்கு மருமகள் முறை, நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்துக்கு வந்தாள். பி.ஏ. வரலாறு முடித்தவள்.

"மாமா, லைப்ரரி வேலைக்கு எது படிச்சா கொள்ளாம்? அப்பாவால கூடுதலா ரூவா பிரட்ட முடியாது."

பதினாறு வருஷம் அங்கே புத்தகம் எடுத்துக் கொடுத்தவன் நான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இக்னோவிலும் வீட்டிலிருந்தபடியே நூலக அறிவியல் பட்டம், பி.எல்.ஐ.எஸ்., படிக்கலாம், ஒரு வருஷந்தான். ஊர்ப்புற நூலகர் வேலைக்குச் சான்றிதழ் படிப்பே போதும். இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் அனுப்பியதோ ஒரு மாடிக்கடை ஸ்டடி சென்டருக்கு. வேறு மாநிலப் பல்கலைக்கழகம், கட்டணத்தில் 3,000 ரூபாய் மிச்சம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநில எல்லை தாண்டித் தொலைநிலைக் கல்வி மையம் நடத்தக் கூடாதென்று யு.ஜி.சி. 2013-லேயே அறிவித்திருந்தது. என் மேஜையில் கம்ப்யூட்டர் இருந்தது. தட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் மட்டும் நாள் முழுக்க, "பாத்துட்டு எழுதுங்க மக்களே" என்பேன்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். கவிமணி தேடிக் கண்டெடுத்த அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளைப் பற்றி ஆய்வாளர் அ.கா. பெருமாள் எழுதியதை வாசித்திருந்தாள். அந்த மாதிரிப் பழைய ரிக்கார்டுகளைப் பாதுகாக்கப் படிப்பு உண்டா? "சவம், செல்லரிச்ச ஓலைய வச்சுச் சோறு திங்கவா?" என்று சிரித்தேன். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகமே ஒரு பள்ளி நடத்துகிறது. ஓராண்டுப் பட்டயம் உண்டு, சில வாரப் பயிற்சிகளும் உண்டு, கட்டணமும் கொஞ்சந்தான். எனக்கே பிற்பாடுதான் தெரியும். முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று 1956 வரை நாங்கள் அந்தப் பக்கத்துக்காரர்கள். எங்கள் பக்கத்துப் பழைய பதிவுகள் பலவற்றைப் பார்க்க இன்றைக்கும் திருவனந்தபுரம் போக வேண்டும். தமிழும் மலையாளமும் வாசிக்கிற பிள்ளை அவள். என் ஒரு சிரிப்பில் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, சான்றிதழ் சரிபார்ப்பில் அந்தப் பட்டம் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவளுடைய அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "விவரம் இல்லாம சொல்லிட்டேன்" என்று நானாகப் போய்ச் சொன்னேன். அது பாதி உண்மை.

அவளைச் சேர்த்துவிட்ட அன்று சாயங்காலம் சென்டர்காரர் ஒரு கவரை நீட்டினார். "அண்ணாச்சி, சாயாக் காசு." வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சட்டைப்பையில் வைத்தேன். 500 ரூபாய். போகிற வழியில் நெய்மீன் வாங்கினேன். நல்ல மீன். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் இரண்டாம் தடவை குழம்பு கிடைத்தது. கவரைப் பற்றி இன்றுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அவள் மறுபடி பணம் கட்டி, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தாள். ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை கிடைத்த அன்று லட்டு டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா சொல்லலேன்னா இப்படி ஒரு படிப்பு இருக்கதே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

இரண்டு லட்டு எடுத்துக்கொண்டேன்.