ஐந்நூறு ஆண்டுகள் முன்னதாகச் சென்றவன்

பேயும் பூதமும் வரும் சீன நகைச்சுவைப் படங்களில், முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகம் ஆழமாக அமைந்த ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது ‘எ சைனீஸ் ஒடிசி’. ஜெஃப்ரி லாவ் இயக்கி ஸ்டீபன் சௌ நடித்த இப்படம் 1995இல் ஹாங்காங்கில் சில வார இடைவெளியில் இரு பாகங்களாக வெளிவந்தது. சீனப் பெருநிலத் திரையரங்குகளில் அன்று அது எடுபடவில்லை. திருட்டு வட்டுகளின் வழியே மாணவர் விடுதிகளுக்குள் புகுந்த பிறகே ஒரு தலைமுறையின் படமாயிற்று. தில்லியில் என் விடுதியறைக்கும் அது ஏறத்தாழ அவ்வழியிலேயே வந்தது.

ஜோக்கர் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் தலைவன். குரங்கரசன் சுன் வுகோங்கின் மறுபிறப்பு தான் என்பதை அவன் அறியான். எலும்புப் பேய்மகள் பாய் ஜிங்ஜிங்கைக் காதலிக்கிறான். முதல் பாகத்தின் இறுதியில், அவனைத் தவறாகப் புரிந்துகொண்டு அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவன் கையில் ஒரு மாயப் பெட்டி இருக்கிறது. நிலவொளியில் அதை ஏந்தி ஒரு சொல்லைக் கூவினால் காலம் பின்னே செல்லும். கூவுகிறான், சில நிமிடங்கள் பின்னே போகிறான், விழுந்தடித்து ஓடுகிறான். அதற்குள் அவள் இறந்துவிடுகிறாள். மீண்டும் கூவுகிறான். அதே குகை, அதே ஆட்கள், அதே தாமதம். பார்ப்பவர் சிரிக்கவென்றே எடுக்கப்பட்ட காட்சி இது.

நான் இதைப் பார்த்தபோது அப்பா இறந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. அவர் நிலை மோசம் என்று அண்ணன் ஒரு மாலையில் அழைத்தான். ஆய்வு உதவித்தொகை வராத மாதம் அது. அன்றிரவே தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் பொதுப்பெட்டியில் ஏறினேன். மறுநாள் பிற்பகல், நாக்பூரைத் தாண்டிய பிறகு செய்தி வந்தது. எஞ்சிய தொலைவு முழுதும் என் மனம் அந்த மாலைக்கே திரும்பித் திரும்பிச் சென்றது. யாரிடமாவது கடன் வாங்கி விமானத்தில் ஏறிப் பார்த்தேன். வேறு வண்டியில் ஏறிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கணக்கில் எங்கோ ஒரு மணி நேரம் குறைந்தது. ஆகவே ஜோக்கர் ஓடியபோது நானும் சிரித்தேன், அந்த மூன்று மாதங்களில் முதல்முறையாக.

அவன் கூவும் சொல் ‘பிரஜ்ஞாபாரமிதா’ என்பதன் சீன ஒலிப்பு. அப்பெயர் கொண்ட பெருந்தொகுதியைச் சுவான்சாங் 660 முதல் 663 வரை அமர்ந்து 600 சுருள்களாகச் சீனத்தில் பெயர்த்தார். மறு ஆண்டே மறைந்தார். நம் காஞ்சிபுரத்தைப் பற்றியும் எழுதிவைத்தவர் அவர். படத்தில் ஓயாமல் பேசியே அனைவரையும் வதைக்கும் துறவி அவருடைய சாயல்தான். எதையும் பற்றிக்கொள்ள இயலாது என்றுரைக்கும் நூலின் பெயரை, ஒருத்தியை விடமாட்டேன் என்று ஓடுகிறவன் தொண்டை கிழியக் கூவுகிறான். பௌத்த மொழிபெயர்ப்புகளைப் படிப்பதே என் தொழில். இத்தனை நல்ல பகடியை எங்கள் கருத்தரங்குகளில் நான் கேட்டதில்லை.

இறுதியில் பெட்டி அவனை ஐந்நூறு ஆண்டுகள் பின்னே எறிந்துவிடுகிறது. இரண்டாம் பாகம் அங்கேதான் தொடங்குகிறது. அங்கே அவன் ஸிஷியா என்பவளைச் சந்திக்கிறான். அவளிடமிருந்து பெட்டியைப் பெறுவதற்காகப் பொய்க் காதல் பேசுகிறான். ஜிங்ஜிங்கிடம் திரும்ப வேண்டும் என்பதே அவன் எண்ணம். பின்னொரு முறை அவன் நினைவிழந்து கிடக்கிறான். விழித்ததும், உடனிருந்தவர் கணக்குச் சொல்கிறார்: மயக்கத்தில் ஜிங்ஜிங்கின் பெயரை 98 முறை அழைத்தாய், ஸிஷியாவின் பெயரை 784 முறை அழைத்தாய். அவன் முகத்தைப் பாருங்கள். அக்கணத்தில் ஸ்டீபன் சௌ நகைச்சுவை நடிகர் அல்லர்.

காலப்பயணக் கதைகள் பலவும் சென்றவன் மாறாமல் திரும்புவான் என்றே நம்புகின்றன. இப்படம் அதை நம்பவில்லை. யாருக்காகப் புறப்பட்டானோ அவளிடம் போய்ச் சேரும்போது, புறப்பட்டவன் அங்கே இல்லை.

காரியம் முடிந்த அன்று அண்ணனிடம் கேட்டேன்: அப்பா கடைசியில் யாரையாவது தேடினாரா? என் பெயரை எதிர்பார்த்தே கேட்டேன். அவன் சற்றுத் தயங்கினான். கடைசி இரவு முழுதும் அவர் செல்லம்மாவைத்தான் கூப்பிட்டாராம். செல்லம்மா எங்கள் அத்தை. ஆறு வயதில் காய்ச்சலில் இறந்தவள். எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. அப்பா அன்றிரவே அறுபது ஆண்டுகள் பின்னே போயிருக்கிறார்.

எத்தனை முறை கூப்பிட்டார் என்று அண்ணன் எண்ணவில்லை.