வெள்ளைக்கல்லில் ஓர் ஓவியம்

ஆரோவில்லில் பீங்கான் கலைஞர் ஆதில் ரைட்டர் இருக்கிறார். கட்டடக்கலை படித்தவர். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் மண் வேலை கற்றவர். சுடாத களிமண்ணைக் கேன்வாஸில் பூசி ஓவியமும் செய்கிறார். அவர் பானைகளைவிட எனக்கு அந்த ஓவியங்கள்தான் பிடிக்கும்.

இப்படி மண்ணில் கலை செய்ய உதவும் பொருள் நம் ஊரிலும் உண்டு. சேலத்தில், ஏற்காட்டு அடிவாரத்தில் வெட்டும் வெள்ளைக்கல் பெரும்பாலும் உலைச் செங்கல்லாகிறது. அந்தக் கல்லிலுள்ள மக்னீசியம் கார்பனேட்டைப் பீங்கான் மெருகுப்பூச்சில் கூடுதலாகச் சேர்த்தால், பூச்சு சுருங்கி வறண்ட ஏரிபோல வெடிக்கும். கலைஞர்கள் வேண்டுமென்றே வரவழைக்கும் அழகு அது! நம்மூர்க் கல்லில் அதை நம்மூர்ப் பிள்ளை ஒருவர் செய்ய வேண்டும். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பீங்கானுக்குத் தனித்துறை உண்டு. ஆர்வமுள்ள பிள்ளைகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்; தடுக்காதீர்கள்.